ஒற்றை இளங்கொடி

மட்டக்குளியில் கொள்கலன் லொறிகள் திரும்பும் முடக்கு.
தகரக் கொட்டில், ஐந்து மாடு.
பேலியகொடைச் சந்தையில் விலைபோகாத கோவா இலை
தொட்டியில் புளித்துக் கிடக்கிறது.
பாவாடையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு
"இதுதான் மிஸ்" என்கிறாள் பவுஸ்தீனா.
"நாலு தரம் ஊசி போட்டாச்சு. தங்கல்ல."

ஊசி என்று அவள் சொல்வது
திரவ நைதரசன் புகைக்குள்ளிருந்து
எங்கள் கந்தோர்ப் பொடியன் இடுக்கியால் எடுக்கும் குழல்.
வைக்கோலளவு. உள்ளே ஒரு காளை உறைந்திருக்கும்.
அதை இந்தக் கொட்டில் கண்டதில்லை.

நல்ல நாகு.
இரண்டு வயதும் நாலு மாதமும், மயிர் மினுங்குகிறது.
தோள்தான் கொஞ்சம் அதிகம்.
கழுத்து நாம்பனைப்போலத் தடித்திருக்கிறது,
காம்புகள் மிளகளவு,
வாலடியில் ஒரு குஞ்சம் மயிர்.
"மற்ற மாட்டில எல்லாம் ஏறுவா மிஸ்.
அதான் நாள் வந்திட்டெண்டு ஆளனுப்பினேன்."

தோள்வரை உறையைப் போட்டேன்.
குடலின் சுவருக்கு அப்பால்
கருப்பை இருக்கவேண்டிய இடத்தில்
இரண்டு கயிறு,
மழையில் ஊறிய சப்பாத்து நாடாபோல.
பிறகு கண்ணாடிக் குழாய்.
ஒரு சாண் போகவேண்டியது
நாலு விரலில் முட்டி நின்றது.
பொடியன் கை பழகாதவன். அவனிடம் பிறகு பேசவேண்டும்.

"தனியப் பிறந்தவளா?"
"இல்ல, ரெட்டை. கூட வந்தது நாம்பன்.
ஏழு மாசத்தில தெமட்டகொடைக்குக் குடுத்திட்டோம்."
"இளங்கொடி?"
"ரெண்டுக்கும் ஒண்ணுதான் விழுந்திச்சு.
ஆலமரத்தில கட்டணுமாம், இங்க ஆல் எங்க?
பால் வடியிற மரந்தானே எண்டு
அந்த ஈரப்பலாவில கட்டினோம்."

சிமெந்துப் பை, நீல நைலோன் கயிறு.
பையின் அடி எப்போதோ கிழிந்து
காகங்கள் வந்துபோய்
இப்போது முடிச்சு மட்டும் கிளையில் இறுகியிருக்கிறது.
என் கை இன்று தடவிக் கண்டதெல்லாம்
இரண்டு வருடம் அங்கே தொங்கியிருக்கிறது.

ஒரே கொடியில் இரண்டு பேரின் இரத்தமும்
முன்னும் பின்னும் போய்வரும் என்றேன்.
அவனுடைய உடம்பு முந்திப் பேசத் தொடங்கியது.
நீ ஆண், நீ ஆண் என்று
அவனுக்குச் சொல்லப்பட்டது அவளுக்கும் கேட்டது.
அப்போது அவளுடைய வீடு கட்டி முடியவில்லை.
அவன் எதையும் பறிக்கவில்லை.
வழி இருந்தால் இரத்தம் போகும், அவ்வளவுதான்.

பவுஸ்தீனா நாகின் நெற்றியைச் சொறிந்தபடி
நெடுநேரம் யோசித்தாள்.
"அப்ப என்ட ஊசிக் காசு?"

படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்.
ஆங்கிலத்தில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு.
தமிழில் கைக்கெட்டியது மலடு மட்டும்.
அது கல். எத்தனையோ பெண்கள்மேல் பட்டு
முனை மழுங்கியும் கனம் குறையாத கல்.
இன்னொருத்திமேல் அதைப் போட மனமில்லாமல்
இரட்டை, கூடப் பிறந்தது நாம்பன்
என்று தமிழிலேயே எழுதினேன்.
கந்தோரில் கேட்பார்கள். கேட்கட்டும்.

உறையைக் கழற்றிக் கழுவும்போது
பின்னால் சங்கிலிச் சத்தம்.
நாகு முன்கால்களைத் தூக்கி
சிவப்பியின் முதுகில் ஏறி நின்றது.
சிவப்பி, போன வருடம் முழுக்க
நாள் காட்டாமல் ஏமாற்றிய கிழட்டுப் பசு,
அசையாமல் நின்றது.
நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம்.

மறுநாள் காலை பொடியனை நானே கூட்டிவந்தேன்.
சிவப்பிக்குத் தங்கியது.

செவ்வாய்க்கிழமை தெமட்டகொடையிலிருந்து வந்த ஆள்
நாகைச் சுற்றி நடந்து, கண்ணாலேயே நிறுத்தார்.
பவுஸ்தீனா ஒரு விலை சொன்னாள்.
அவர் சிரித்தார்.
அவள் சிரிக்காமல்
அதற்குமேல் ஐயாயிரம் கூட்டினாள்.